எட்டு பலூன்களும் ஒரு தண்ணீர் லாரியும்

சந்தைக்குள் நுழைந்து "சொட்டக்கா எங்கே?" என்று கேட்டால், வெங்காய மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து மூன்று கைகள் ஒரே திசையில் நீளும். அந்தக் கைகள் காட்டும் இடத்தில் சுவரில் வரிசையாக எட்டு கேன்கள் பதித்த, தகரக் கூரை போட்ட நீளமான ஓர் அறை. அதன் வாசலில் ஒரு முக்காலி. அறைக்கு முதுகையும் தெருவுக்கு முகத்தையும் காட்டிக்கொண்டு அதில் உட்கார்ந்திருப்பவள்தான் சொட்டக்கா. சந்தையில் ஆண்கள் ஒண்ணுக்குப் போகும் இடத்துக்கு அவள்தான் காவல், அவள்தான் வைத்தியர், அவள்தான் மகாராணி.

அந்தப் பட்டம் சும்மா வரவில்லை. லாரி ஹார்னுக்கும் ஏலக் கூச்சலுக்கும் நடுவே, முதுகுக்குப் பின்னால் ஒரே ஒரு சொட்டு தரையில் விழுந்தால் போதும், அவள் காது விடைத்துக்கொள்ளும். திரும்பிப் பார்க்க மாட்டாள். மரியாதை தெரிந்தவள். குரல் மட்டும் போகும்.

"மூணாம் நம்பர்! கேனுக்குத்தான் தாகம், தரைக்கு இல்ல! ஒரு அடி முன்னால போங்க!"

ஒருநாள் தெருவின் எதிர்ப்பக்கத்து டீக்கடையில் நின்றபடியே இப்படிக் குரல் கொடுத்தாளாம். மூன்றாம் நம்பரில் நின்றவர் ஒரு போலீஸ்காரர். அவர் ஓர் அடி முன்னால் போனதோடு நில்லாமல் விறைப்பாக சல்யூட்டும் அடித்தார் என்று சந்தையில் இன்றைக்கும் சொல்கிறார்கள். சல்யூட் அடித்த கையால் அதுவரை எதைப் பிடித்திருந்தார் என்று யாரும் கேட்பதில்லை.

இந்த முக்காலிக்கு வருவதற்கு முன் பதினோரு வருஷம் அவள் அதே சந்தையில் துடைப்பமும் பிளாஸ்டிக் குவளையும் விற்றாள். கடை போட்டிருந்தது பின்பக்கச் சுவரோரம். அவளோடு வரிசையாக இன்னும் பத்துப் பெண்கள். அந்தச் சுவருக்கு ஒரு ராசி. சந்தைக்கு வரும் ஆண்பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அதைப் பார்த்ததும்தான் அடிவயிறு ஞாபகத்துக்கு வரும். மூத்திரச் சந்து என்று பேர் வைத்து, வழி கேட்பவர்களுக்கு அடையாளமாகவும் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். பிற்பகலுக்குள் அங்கிருந்து ஒரு சின்ன ஓடை கிளம்பும். பெண்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு செங்கல் மேல் ஏறுவார்கள். செங்கல் நனைந்தால் இன்னொரு செங்கல். மழைக்காலம் முடிவதற்குள் துடைப்பக்காரி வாங்குபவர்களைவிட மூன்றடி உயரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

உயரத்துக்குப் போனதில் ஒரு லாபம், குறி நன்றாக விழுந்தது. நாற்பதடி தூரத்திலிருந்து அவள் எறிந்த அழுகல் உருளைக்கிழங்கு ஒன்று பாதி வேலையில் இருந்த ஒரு மூட்டை வியாபாரியின் பிடரியில் பட்டு, மனுஷனுக்கு அப்படியே நின்றுபோய்விட்டது. மிச்சத்தை வீட்டுக்குப் போய்த்தான் முடித்தார்.

ஆனால் எத்தனை கிழங்கைத்தான் எறிவது? ஒரு காலையில் பத்துப் பெண்களையும் கூட்டிக்கொண்டு சந்தைச் சங்கத் தலைவர் வீட்டுக்குப் போனாள். அவர் வாசற்படியிலேயே பதினோரு பாய்களையும் விரித்துச் சரக்கை அடுக்கினாள்.

"என்னம்மா இது?" என்று தலைவர் பல் துலக்கிக்கொண்டிருந்த வாயோடு வந்து நின்றார்.

"ஒண்ணுமில்ல தலைவரே. ஒரு நாள் மூச்சு விட்டுக்கிட்டு விக்கலாம்னு வந்தோம். உங்க வீட்டுச் சுவர்ல யாரும் அடிக்கிறதில்லையாமே?"

அன்று சாயங்காலமே சங்கம் கூடியது. கழிப்பிடம் கட்டலாம், இடம் இருக்கிறது, தண்ணீர்தான் இல்லை என்றது. சந்தைக்கு மொத்தமே ஒரு குழாய். சாக்கடை அதற்கும் கிடையாது. அப்போதுதான் துடைப்பக்காரியின் கொழுந்தனார் பேச்சுக்குள் நுழைந்தார். குழாய் வேலை செய்பவர். பேச ஆரம்பித்தால் அவர் வாய்க்கு மட்டும் இன்னும் யாரும் குழாய் மூடி கண்டுபிடிக்கவில்லை. தூரத்தில் ஒரு கட்டிட வேலைக்குப் போன இடத்தில் தண்ணீரே இல்லாத கழிப்பிடம் ஒன்றைப் பார்த்திருந்தார்.

விஷயம் ரொம்ப எளிது. இருபது லிட்டர் எண்ணெய்க் கேனைச் சரிவாக வெட்டி, கழுத்துப் பக்கம் கீழே வருமாறு சுவரில் பதிக்க வேண்டும். கழுத்தில் ஒரு பலூனை மாட்டி, அதன் நுனியைக் கத்தரித்துவிட வேண்டும். பலூன் குழாய்க்குள் சப்பையாக நாக்கு மாதிரி தொங்கும். மேலேயிருந்து வருவது வரும்போது வழி விடும், வந்து முடிந்ததும் இரண்டு உதடும் ஒட்டிக்கொள்ளும். கீழே குழாயில் இருக்கும் நாற்றம் மேலே வர வழி கிடையாது. தேவையான நேரத்தில் வாயை மூடிக்கொள்ளத் தெரிந்த பிறவி அந்தச் சந்தையிலேயே அந்தப் பலூன் ஒன்றுதான். இப்படி எட்டு கேன்கள். எட்டுக்கும் அடியில் சரிவாக ஒரே நீளக் குழாய், அது போய்ச் சேர மூடிய தொட்டி. தொட்டியின் காற்று வெளியேற ஒரு குழாய் கூரைக்கு மேலே போனது. தொட்டி நிரம்பினால் பூச்செடி வளர்ப்பவர் ஒருவர் வந்து பீப்பாயில் எடுத்துப் போவார். செடிக்கு அது விருந்தாம்.

கட்டி முடித்ததும் பராமரிக்க யார் என்ற கேள்வி வந்தது. ஆண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் செருப்பைக் குனிந்து பார்த்தார்கள். துடைப்பக்காரி எழுந்தாள்.

"சுவரோரம் பதினோரு வருஷம் சும்மாவே மோந்துட்டேன். இப்ப உத்தியோகமா மோந்துட்டுப் போறேன்."

ஆனால் மோந்து பார்க்க ஒன்றுமே இருக்கவில்லை. நான்கு வருஷம் அந்த அறையில் நாற்றம் என்ற சொல்லுக்கே வேலை இல்லை. தினமும் வினிகர் கலந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேன்களைத் துடைப்பாள். திங்கள்கிழமைதோறும் கையுறை போட்டுக்கொண்டு எட்டு பலூன்களையும் கழற்றி, சோப்பு நீரில் அலசி, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து மாட்டுவாள். தொய்ந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது. ஈக்கள் பெட்டி படுக்கையோடு மீன் கடைப் பக்கம் குடிபோயின. பலூன் விற்கும் கடைக்காரர் அவளுக்குப் பிள்ளைகள் ஒரு டஜனாவது இருக்கும், எல்லாருக்கும் மாதாமாதம் பிறந்த நாள் வருகிறது என்றே நம்பியிருந்தார்.

அந்த அறையில் ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. சுவரில் ஆளுயர எழுத்தில் எழுதியிருந்தாள்: தண்ணீர் ஊற்றாதே. தண்ணீரில் இருக்கும் உப்பும் சிறுநீரில் இருக்கும் உப்பும் சேர்ந்தால் கல்லாக இறுகும், குழாயை அடைக்கும், பலூனை விறைக்க வைக்கும். கொழுந்தனார் முதல் நாளே சொல்லிவிட்டார். அவள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள்.

இந்தச் சட்டத்தால் மனம் நொந்துபோனவர் ஒரே ஒருத்தர். அவள் வீட்டுக்காரர்.

அவர் தண்ணீர் லாரி ஓட்டுபவர். ஊருக்கு வெளியே ஒரு ஆழ்துளைக் கிணற்றில் நிரப்பிக்கொண்டு தெருத் தெருவாக ஊற்றுவார். இருபத்தாறு வருஷமாக அதே வேலை. உலகத்தில் எந்தக் குற்றம் குறை இருந்தாலும் ஒரு குழாயைத் திறந்துவிட்டால் ஓடிப்போய்விடும் என்பது அவர் கொள்கை. டீக்கடையில் கூட்டாளிகள் விடுவதாயில்லை.

"என்னப்பா, ஊருக்கெல்லாம் தண்ணி ஊத்துற. உன் பொண்டாட்டி இடத்துல ஒரு சொட்டு கிடையாதாமே. வீட்ல ஏதாவது தகராறா?"

அவர் அசட்டுச் சிரிப்புச் சிரித்துவிட்டு டீயை ஊதிக் குடிப்பார். வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்ல மாட்டார். பேசத் தெரியாத மனுஷர். வீட்டின் மொத்தப் பேச்சையும் தம்பிக்கே விட்டுக்கொடுத்துவிட்டவர்.

இப்படியிருக்கும்போது சொட்டக்காவுக்கு வலது தோளில் ஒரு பிடிப்பு வந்தது. கையைத் தூக்கினால் உயிர் போய் உயிர் வந்தது. ஒரு மாதம் ஓய்வு என்றார் டாக்டர். ஓய்வா? இடது கையால் துடைத்தாள். ஆனால் பலூன்களைக் கழற்ற இரண்டு கையும் வேண்டும். ஒரு திங்கள் போகட்டும் என்று விட்டாள். அடுத்த திங்களும் விட்டாள். ஆச்சரியம் என்னவென்றால், காலையில் அவள் வரும்போது கேன்கள் பளபளவென்று இருந்தன. இடது கைக்கு இவ்வளவு திறமையா என்று அவளே அதை ஒருமுறை திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நாற்றம் வந்தது.

முதலில் கண்டுபிடித்தவர் பக்கத்துக் கட்டிட மாடியில் கடை வைத்திருக்கும் தையல்காரர். மூன்றாம் நாள் ஒரு கோட்டைக் கையில் பிடித்தபடி படியிறங்கி வந்தார்.

"அக்கா, இதை மோந்து பாருங்க."

"எதுக்கு மாஸ்டர்? கோட்டு நல்லாத்தானே இருக்கு."

"கல்யாண மாப்பிள்ளையோடது. போட்டுப் பாத்தாரு, கண்ணாடியப் பாத்தாரு, அப்புறம் என்னைப் பாத்தாரு. 'இத இதுக்கு முன்னால யாராவது போட்டிருந்தாங்களா'ன்னு கேட்டாரு. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு பதில் சொல்லுவேன்?"

சொட்டக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. மோந்தாள். மாஸ்டர் பொய் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அவள் செய்யாத வித்தை இல்லை. துடைத்த இடத்தையே நான்கு முறை துடைத்தாள். நாற்றம் அசையவில்லை. உள்ளே வந்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, முகம் சிவந்து, பாதியில் ஓடினார்கள். ஆறாம் நாள் அவள் கண்ணெதிரே ஒரு மனுஷன் கழிப்பிடத்தின் வாசல் வரை வந்தான், மூக்கைச் சுளித்தான், பின்பக்கச் சுவரைப் பார்த்து நடந்தான். அங்கே அவளுடைய பழைய கூட்டாளிகள் பத்துப் பேரும் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். கோணி விற்கும் பெண் பாயின் ஓரத்தை மடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அந்த மடிப்பு சொட்டக்காவுக்கு ஈட்டியாகக் குத்தியது.

மறுநாள் தலைவர் வந்தார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டே பேசினார்.

"நாலு வருஷம் ஓடுச்சு, அது வரைக்கும் சந்தோஷம். கேனும் பலூனும் எவ்வளவு நாளைக்கு உழைக்கும்? வர்ற சனிக்கிழமை கூட்டம் போடுறோம். மூடிட்டு, இந்த அறைய மாஸ்டருக்குத் துணி வைக்கக் கொடுத்துரலாம்னு பேச்சு."

"மூடிட்டா எல்லாரும் எங்க போவாங்க தலைவரே?"

தலைவர் பின்பக்கச் சுவரைப் பார்த்தார்.

"சனிக்கிழமை வரைக்கும் எனக்கு விடுங்க. கூட்டத்த மட்டும் இங்கயே, இந்த அறைக்குள்ளயே போடுங்க."

"இதுக்குள்ளயா!" கைக்குட்டை நழுவியது. அவசரமாகப் பிடித்து மறுபடி பொத்திக்கொண்டார். "சரி சரி. போடுறோம். நீ வரச் சொன்னா வந்துதான ஆகணும், இல்லேன்னா மறுபடி என் வாசல்ல பாய் விரிப்ப."

திங்கள்கிழமை கொழுந்தனாரை வரவழைத்தாள். அவர் கேன்களைக் கழற்றி உள்ளே கையை விட்டார். பலூன்கள் வந்தன. ஒவ்வொன்றும் முட்டை ஓடு மாதிரி வெள்ளையாக விறைத்து, வாயைப் பிளந்துகொண்டிருந்தது. நாக்கைத் தொங்கவிட்டுக் கொட்டாவி விடும் எட்டு வாய்கள். நாற்றம் ஏன் வராது?

"என் தப்புதான் தம்பி," என்றாள் அவள். குரல் இறங்கிப்போயிருந்தது. "தோள் வலின்னு ரெண்டு திங்கள் கழட்டாம விட்டேன்."

கொழுந்தனார் தலையை ஆட்டினார். குழாயின் உள்பக்கத்தைச் சுரண்டி விரலை நீட்டிக் காட்டினார்.

"இல்ல அண்ணி. ரெண்டு வாரத்துல இவ்வளவு கல்லு பிடிக்காது. தானா பிடிக்கிறது மஞ்சளா, மெதுவா வரும். இது வெள்ளை. சுண்ணாம்பு. தண்ணி படாத குழாய்ல சுண்ணாம்பு எங்கிருந்து வரும்? நான் எத்தனை குழாய் பாத்திருக்கேன், ஒரு தடவை ஒரு வீட்ல குழாயத் திறந்தா உள்ள ஒரு..."

"தம்பி, அந்தக் கதை அப்புறம்."

மறுநாள் காலையில் வீட்டில் டீக்குக் கெட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். கெட்டிலின் அடியில் வெள்ளையாக ஒரு படலம். நகத்தால் சுரண்டினாள். முட்டை ஓடு. சந்தைக் குழாயில் வருவது ஆற்றுத் தண்ணீர், எத்தனை வருஷம் கொதித்தாலும் கறை பிடிக்காது. இப்படி உப்பு பிடிக்கும் தண்ணீர் ஊரிலேயே ஒன்றுதான். அது தினமும் சாயங்காலம் வீட்டு வாசலில் லாரியிலிருந்து இரண்டு குடமாக இறங்கும்.

பின்னறையில் வீட்டுக்காரர் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். அவள் அந்தக் கெட்டிலிலேயே டீ போட்டுக் கொடுத்தாள்.

புதன்கிழமை அவர் கிளம்பியதும் அவளும் கிளம்பினாள். பொழுது அப்போதுதான் வெளுத்திருந்தது. குறுக்கு வழியில் அவருக்கு முன்னால் சந்தைக்குப் போய் முட்டைக்கோஸ் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். லாரி பூனை மாதிரி வந்து நின்றது. பத்தாயிரம் லிட்டர் பூனை. அவர் இறங்கினார், குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். கதவு என்று ஒன்று இருந்தால்தானே தடுக்க? ஒன்று முதல் எட்டு வரை ஒவ்வொரு கேனாகப் பீய்ச்சி அடித்தார். பிறகு மண்டியிட்டுத் தரையைத் துணியால் ஒற்றி ஒற்றி ஈரம் தெரியாமல் எடுத்தார். வாய்க்குள்ளே ஏதோ பாட்டு வேறு.

"பாட்டு நல்லா இருக்கு," என்றாள் வாசலிலிருந்து.

மனுஷர் பேயறைந்த மாதிரி நின்றார். கையிலிருந்த துணி சொட்டியது.

"எத்தனை நாளா இந்தக் கூத்து?"

"உனக்குத் தோள் பிடிச்சதுல இருந்து."

"எதுக்குங்க?"

அவர் துணியைப் பிழிந்தார். பிழிந்த துணியையே மறுபடி பிழிந்தார். "நீ ஒத்தக் கையால துடைக்கிறத ஒரு நாள் வழில போறப்ப பாத்தேன். உனக்கு வேலை மிச்சம் ஆகட்டுமேன்னு."

"சுவர்ல என்ன எழுதியிருக்கு?"

"தண்ணீர் ஊற்றாதே."

"படிக்கத் தெரியுதுல்ல?"

"அது ஊர்க்காரங்களுக்குன்னு நெனச்சேன்." பிறகு மெல்லச் சொன்னார். "தண்ணி ஊத்தி எதுவும் கெட்டுப்போய் நான் பாத்ததே இல்ல."

திட்டுவதற்கு அவள் வாயில் ஒரு வண்டிச் சொல் தயாராக இருந்தது. எட்டு கேன்களையும் பார்த்தாள், மண்டியிட்டதில் நனைந்துபோன அவர் கால்சட்டையின் முட்டியைப் பார்த்தாள். சொற்களில் பாதியை விழுங்கினாள். மிச்சப் பாதிக்கே அவர் மூன்று நாள் சாப்பாட்டில் உப்பு கேட்கவில்லை.

வியாழனும் வெள்ளியும் மூன்று பேரும் வேலையில் இறங்கினார்கள். நீளக் குழாயை இறக்கி, முற்றத்தில் கிடத்தி மரச் சுத்தியலால் தட்டினார்கள். சுண்ணாம்பு சில்லு சில்லாகக் கொட்டியது. மிச்சத்தைக் கரைக்கச் சூடான வினிகர். அவள் ஒரு கையால் சொல்ல, அண்ணனும் தம்பியும் நான்கு கையால் செய்தார்கள். தொட்டி வாயிலிருந்து நுரையாக ஏதோ வந்தது. அது என்ன என்று கொழுந்தனாருக்கே தெரியவில்லை, ஆனால் அதைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். பலூன் கடையில் வெள்ளைப் பலூன் தீர்ந்துவிட்டதால், சிரிக்கும் முகம் அச்சடித்த மஞ்சள் பலூன்தான் கிடைத்தது. பரவாயில்லை, உள்ளே இருந்து யார் பார்க்கப்போகிறார்கள்?

வெள்ளி சாயங்காலம் கொழுந்தனார் அவளைத் தனியாக அழைத்தார்.

"அண்ணி, நாளைக்கு ஏன் நாறுச்சுன்னு கேப்பாங்க. குழாய் இத்துப்போச்சு, மாத்திட்டோம்னு சொல்லிரலாம். அண்ணன் பேரு வெளிய வந்தா டீக்கடையில தோலை உரிச்சிருவாங்க."

"இத்துப்போச்சுன்னு சொன்னா, மறுபடி இத்துப்போகும்னு மூடிருவாங்களே தம்பி."

"அப்ப அண்ணனையா காட்டிக் கொடுக்கப் போறீங்க?"

அவள் வீட்டுக்கு நடந்தாள். வீட்டுக்காரரிடம், "நாளைக்கு நீங்க சந்தைப் பக்கமே வர வேண்டாம்," என்றாள். அன்று படுக்கப்போகும் வரை தோள் வலியை அவள் நினைக்கவே இல்லை. சுவரோரம் பாயின் ஓரம் மடிபட்டதுதான் திரும்பத் திரும்பக் கண்ணில் நின்றது.

சனிக்கிழமை எட்டு கேன்களுக்கு எதிரே பெஞ்சு போட்டுச் தலைவர், மாஸ்டர் உட்பட சங்கத்தார் ஏழு பேரும் உட்கார்ந்தார்கள். முதலில் ஏழு கைக்குட்டைகள் ஏழு மூக்குகளில் இருந்தன. டீ வந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு டீ குடிக்க முடியாது. கைக்குட்டைகள் இறங்கின. இறங்கியவை மறுபடி ஏறவில்லை. கூரை ஒழுகுவது பற்றி ஒருவர் ஆரம்பித்தார், லாரிகளை எங்கே நிறுத்துவது என்று இன்னொருவர் சண்டைக்கு வந்தார். ஒன்றரை மணி நேரம் ஓடியது. தலைவர் பேச்சு மும்முரத்தில் நான்காம் நம்பர் கேனில் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஆவேசமாகக் கத்திக்கொண்டிருந்தார். ஒருவருக்கு லேசாகக் குறட்டைகூட வந்துவிட்டது.

"தலைவரே," என்றாள் சொட்டக்கா. "நாத்தத்தப் பத்திப் பேசத்தான கூடினீங்க?"

எல்லாரும் திடுக்கிட்டு மூக்கை இழுத்துப் பார்த்தார்கள். மாஸ்டர் இரண்டு தடவை இழுத்தார். ஒன்றும் இல்லை.

தலைவர் முழங்கையை எடுத்துக்கொண்டார். "சரி, இன்னைக்கு இல்ல. ஒத்துக்கிறேன். ஆனா நாளைக்கு வராதுன்னு என்ன நிச்சயம்? முதல்ல ஏன் வந்துச்சு? அதச் சொல்லு."

"யாரோ தண்ணி ஊத்தியிருக்காங்க தலைவரே."

"யாரு?"

சொட்டக்கா வாயைத் திறந்தாள். ஒருபக்கம் சுவரோரம் பத்துப் பாய்கள். மறுபக்கம் டீக்கடையில் தலையைக் குனிந்துகொண்டு டீயை ஊதும் ஒரு மனுஷர். போலீஸ்காரரையே விறைக்க வைத்த வாய் அது. இப்போது பலூன் மாதிரி ஒட்டிக்கொண்டது. கொழுந்தனார், "குழாய்ங்க, அது வந்து, பழைய குழாய்..." என்று ஆரம்பித்தார்.

"நான்தான் ஊத்தினேன்."

வாசலில் வீட்டுக்காரர் நின்றார். எப்போது வந்தாரோ தெரியவில்லை. லாரியை எங்கோ தூரத்தில் நிறுத்திவிட்டு நடந்து வந்திருக்கிறார்.

"தினமும் காலைல ஊத்தினேன். குழாய் மேல தப்பு இல்ல, பலூன் மேல தப்பு இல்ல. அவ மேலயும் இல்ல. என் தண்ணிதான் உப்புத் தண்ணி."

"ஏன்யா ஊத்தின? நாலு வருஷமா சுவர்ல எழுதிப் போட்டிருக்கே!"

"அவளுக்குத் தோள் வலி."

பெஞ்சில் ஒருவர் தொண்டையைக் கனைத்தார். "என் வீட்லயும் ரெண்டு வருஷமா முட்டி வலிங்குறா," என்று யாரிடமோ சொன்னார். சொன்னதும் ஏன் சொன்னோம் என்று தோன்றியதோ என்னவோ, டீ தம்ளருக்குள் பார்த்தார்.

அடுத்து மாஸ்டர் எழுந்தார். முகம் வெளுத்திருந்தது.

"அந்தக் காத்துக் குழாய் என் ஜன்னலோரமா போகுதுல்ல. நாத்தம் தாங்காம அதுக்குள்ள ஷாம்பூ ஊத்தினேன். மூணு பாட்டில்."

"அடப்பாவி மாஸ்டர்! அந்த நுரையா அது!" என்று கொழுந்தனார் துள்ளினார். "நான் அதை ஏதோ புது வியாதின்னு ரெண்டு நாளா எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன்!"

தலைவர் சட்டைப் பையில் கையை விட்டு ஒரு சின்ன செண்ட் பாட்டிலை எடுத்து பெஞ்சுமேல் வைத்தார்.

"கூட்டத்துல உக்கார முடியாதேன்னு, யாரும் பாக்காதப்ப கொஞ்சம் தெளிக்கலாம்னு கொண்டாந்தேன்," என்றார். "இன்னும் தெளிக்கல."

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. குறட்டை விட்டுக்கொண்டிருந்தவர் விழித்துக்கொண்டு, விஷயம் தெரியாமலே எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார். தகரக் கூரை அதிர்ந்தது. வெளியே வெங்காயம் வாங்க வந்தவர்கள் கழிப்பிடத்துக்குள் என்ன நாடகம் நடக்கிறது என்று எட்டிப் பார்த்தார்கள்.

சொட்டக்கா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து நின்றாள்.

"சிரிச்சு முடிங்க, அப்புறம் சொல்றேன். முடிஞ்சுதா? எனக்கு ஒரு கதவு வேணும். பூட்டு வேணும். ஒரே ஒரு சாவி. நான் திறந்தாத் திறக்கணும், நான் பூட்டினாப் பூட்டணும். காத்துக் குழாய் வாய்ல கம்பி வலை போட்டுக் கட்டணும். இது கிடைச்சா இன்னும் நாப்பது வருஷத்துக்கு இங்க நாறாது. கிடைக்கலன்னா மூடிக்கோங்க, நான் பாயை எடுத்துக்கிட்டு தலைவர் வீட்டு வாசலுக்கு வர்றேன். இந்தத் தடவை படுக்கையோட."

தலைவர் அவசரமாக நோட்டைப் பிரித்தார். மாஸ்டருக்குத் துணி வைக்க அறை போனதில் கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் வாசகம் சரியாக வரவில்லை என்று தலைவர் பேனாவைக் கடித்தபோது மாஸ்டரேதான் சொல்லிக் கொடுத்தார். தீர்மானம் இப்படி எழுதப்பட்டது: "சந்தைக் கழிப்பிடம் தொடர்ந்து இயங்கும். சொட்டக்காவுக்குத் தெரியாமல் யாரும் அங்கே எவ்வித உதவியும் செய்யக் கூடாது." ஏழு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். எட்டாவதாக வீட்டுக்காரரையும் போடச் சொன்னாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது அவள் லாரியில் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு தெரு தாண்டியதும் அவர் வாயைத் திறந்தார்.

"உனக்கு ஒத்தாசையா இருக்கலாம்னுதான் நெனச்சேன்," என்றார். "கை சும்மா இருக்க மாட்டேங்குது. இனிமே எதையும் கழுவவே கூடாதா?"

சொட்டக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். உதட்டோரம் துடித்தது.

"கழுவுறதுக்கு அவ்வளவு ஆசையா இருந்தா நம்ம வீட்டுக் கழிப்பறை இருக்குதுங்களே. இருபத்தாறு வருஷமா நான்தான கழுவுறேன். அதுக்குத் தண்ணி ஊத்தலாம். எவ்வளவு வேணாலும் ஊத்தலாம்."

அவர் கியரை மாற்றினார். "துடைப்பம் எங்க இருக்கு?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் தோளுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டு கட்டிலிலேயே கிடந்தாள். பின்கட்டில் தண்ணீர் சளசளவென்று கொட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கூடவே ஒரு பாட்டும்.